கரி எங்கட மண்ணில, கணக்கு ஆரின்ர புத்தகத்தில?

தோழர்களுக்கு,

கொஞ்ச நாளாக எங்கட வட்டாரத்தில 'பயோசார்' என்ற சொல் அடிக்கடி அடிபடுது. "ஊருக்குப் பசுமை முதலீடு" என்று கூட்டம் வைக்கிற வணிகர்களின் விளம்பரத்திலயும் இருக்கு, காலநிலை வேலை செய்யிற எங்கட நண்பர்களின் பதிவுகளிலயும் இருக்கு. வைக்கோலையும் உமியையும் கரியாக்கி மண்ணுக்குள்ள போட்டால் விளைச்சல் கூடும், உரச் செலவு குறையும், கிணத்துத் தண்ணி சுத்தமாகும், அதுக்கு மேல காபன் கிரெடிட் வித்து டொலரும் வரும். ஒரே கல்லில நாலு மாங்காய்.

நான் மண் விஞ்ஞானத்தில் முதுகலை படிக்கிறன். கரியும் நைதரசனும்தான் என்ர ஆய்வு. அதால முதலிலயே சொல்லிவிடுறன்: இந்தப் பொருள் பொய் இல்லை. பொய் இருக்கிறது அதைச் சுத்திக் கட்டுற வியாபாரத்தில. எங்கட ஆக்கள் சிலர் "எல்லாம் பச்சைப் பூச்சு" என்று ஒரே வரியில தள்ளிவிடுகினம். அது இலகுவான வேலை. ஆனால் ஒரு விவசாயிக்கு உதவக்கூடிய கருவியை முதலாளியின்ர கையில சும்மா கொடுத்துவிட்டு வாறதும் அதுதான். மற்றப் பக்கத்தில, கரி என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புறவர்களும் எங்களுக்குள்ள இருக்கினம். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை.

கரி என்ன செய்யும், என்ன செய்யாது

உமியைத் திறந்த வெளியில எரிச்சால் சாம்பல் மிஞ்சும். காபன் காத்தோட போயிடும். காற்றை மட்டுப்படுத்தி 400, 500 பாகை செல்சியஸ் சூட்டில வாட்டினால் கரி வரும். காய்ந்த பொருளின் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவு கரியாக மிஞ்சும். அந்தப் பொருளில் இருந்த காபனில் ஏறக்குறைய பாதி அதுக்குள்ள நிக்கும். அதை மண்ணில் உள்ள நுண்ணுயிர்களால லேசில தின்ன ஏலாது. அதனால நூற்றாண்டுக் கணக்கில மண்ணுக்குள்ள கிடக்கும்.

அமேசன் காட்டில் ஐரோப்பியர் வருவதற்கு முதலே அங்கத்தைய ஆதிக்குடிகள் உருவாக்கின கறுப்பு மண் இதற்குச் சாட்சி. கரி, மீன் முள்ளு, மலம், சமையல் கழிவு, உடைந்த பானை ஓடு எல்லாம் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து, சில இடங்களில் இரண்டு மீற்றர் ஆழம் வரைக்கும் வளமான மண்ணாக நிற்கிறது. சுத்தி உள்ள செம்மண் சத்தில்லாதது. இண்டைக்கு உலகம் முழுக்க நடக்கிற பயோசார் ஆய்வின் தொடக்கம் அந்த மண். அதைச் செய்த சனத்தைக் காலனியமும் அது கொண்டுவந்த நோய்களும் அழித்தன. அவர்களின் மண்ணில் இருந்து பெற்ற அறிவு இப்ப கிரெடிட்டாக விக்கப்படுகிறது.

இனி நைதரசன். யூரியாவாக நாங்கள் மண்ணில் போடுற நைதரசனில் உலகச் சராசரியாகப் பாதிக்கும் குறைவுதான் பயிருக்குப் போய்ச் சேருது. மிச்சம் மூன்று வழியாலப் போகுது. ஒரு பகுதி அமோனியாவாக ஆவியாகும். ஒரு பகுதி நைத்திரேற்றாகத் தண்ணியோட கீழ இறங்கிக் கிணத்துக்குப் போகும். இன்னொரு சிறு பகுதி நைத்திரசு ஒட்சைட்டு வாயுவாக மேல போகும். அளவில சிறிதுதான். ஆனால் நூறு வருடக் கணக்கில் காபனீரொட்சைட்டை விட 273 மடங்கு சூடாக்கும் வாயு அது. விவசாயி கடன் வாங்கி வாங்கின உரத்தின் பாதி அவரின்ர பயிருக்கே போகேல்ல என்றால், அது சூழல் பிரச்சினை மட்டும் இல்லை, வருமானப் பிரச்சினையும்தான்.

கரி இதில எங்க வருது? அதன் மேற்பரப்பில் எதிர்மின் தளங்கள் உண்டு. மண்ணுக்குள்ள கிடந்து பழசாகப் பழசாக அவை கூடும். அமோனியம் நேர்மின் உள்ளது, அதனால ஒட்டிக்கொள்ளும். நைத்திரேற்று எதிர்மின் உள்ளது, புதுக் கரியில் பெரிசா ஒட்டாது. ஆனால் கரியை எருவோட சேர்த்து மக்கவைத்தால் அது நைத்திரேற்றையும் பிடிச்சு வைக்குது என்று 2015-இல் ஜேர்மன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். நூற்றுக்கணக்கான அளவீடுகளைச் சேர்த்துப் பார்த்து 2019-இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், நைத்திரசு ஒட்சைட்டு சராசரியாக 38 சதவீதமும், நைத்திரேற்றுக் கசிவு 13 சதவீதமும் குறைந்திருந்தன. ஒரு மாதத்துக்கு மேல் நடந்த பரிசோதனைகளில் கசிவுக் குறைவு 26 சதவீதத்துக்கும் மேல். ஆனால் அதே ஆய்வில், நைத்திரசு ஒட்சைட்டுப் பயன் ஒரு வருடத்துக்குப் பிறகு பெரும்பாலும் மங்கிப்போகுது.

இவை நல்ல எண்கள். அதிசயம் என்று சொல்லுற அளவு எண்கள் இல்லை. ஒரு நல்ல மண்வெட்டி எவ்வளவு பெறுமதியோ அவ்வளவு பெறுமதி. மண்வெட்டியை வைத்து ஆரும் புரட்சியும் செய்ததில்லை, பங்குச்சந்தையும் நடத்தினதில்லை.

எந்த மண்ணுக்கு?

2017-இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு எங்களுக்கு மிகவும் முக்கியம். வெப்பவலய நாடுகளில் கரி போட்ட நிலங்களில் விளைச்சல் சராசரியாக 25 சதவீதம் கூடியிருந்தது. கனடா, ஐரோப்பா போன்ற மிதவெப்ப நாடுகளில் கூடவே இல்லை. அதாவது நாங்கள் இருக்கிற இடத்தில் இது விளைச்சலுக்குப் பெரிசா உதவாது. எங்கட பெற்றோர் வந்த இடத்தில் உதவலாம். இந்த ஒரு முடிவைக் காட்டித்தான் விளம்பரங்கள் எல்லாம் எழுதப்படுது.

ஆனால் ஏன் கூடியது என்று ஆரும் கேட்கிறதில்லை. வெப்பவலய மண்கள் பல அமிலத்தன்மை உள்ளவை, சத்துக் குறைந்தவை. கரி காரத்தன்மை உள்ளது. சுண்ணாம்பு போட்ட மாதிரி அது அமிலத்தைக் குறைக்கும். அந்த 25 சதவீதத்தின் பெரிய காரணம் அதுதான்.

இப்ப யாழ்ப்பாணத்தைப் பாருங்கோ. வலிகாமத்துச் செம்மண் சுண்ணாம்புக்கல்லுக்கு மேல கிடக்கிற மண். அங்க அமிலம் ஒரு பிரச்சினையே இல்லை. காரமான மண்ணில் இன்னும் காரமான கரியைப் போட்டு, அதுக்கு மேல யூரியாவை வீசினால், அமோனியா ஆவியாகிறது கூடவும் கூடும். "வெப்பவலயத்தில் 25 சதவீதம்" என்ற வரியை எடுத்து சுன்னாகத்து வெங்காயத் தோட்டக்காரரிட்ட விக்கிறவர் அவரை ஏமாத்துறார்.

ஆனால் யாழ்ப்பாணத்துக்கு வேற ஒரு தேவை உண்டு: தண்ணி. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒண்டும் இல்லை. சனம் குடிக்கிறதும் தோட்டத்துக்கு இறைக்கிறதும் ஒரே சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீர்தான். வெங்காயம், மிளகாய், புகையிலை, உருளைக்கிழங்கு என்று உரம் கூடப் போடுற பயிர்கள். மேல மெல்லிய மண். கீழ வெடிப்பு விட்ட கல்லு. போட்ட நைதரசன் நேராகக் கீழ போகுது. கக்கூஸ் குழிகளில் இருந்து இறங்கிறதும் சேருது. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. அதைத் தாண்டின கிணறுகள் குடாநாட்டில் இருக்கென்று 1980கள் தொடக்கம் ஆய்வுகள் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அந்தத் தண்ணியில் மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கிற வலுவை இழக்கலாம்.

ஆகவே குடாநாட்டில் கரியைப் பற்றிக் கதைக்கிறதெண்டால் கிணத்தை வைத்துத்தான் கதைக்க வேணும். விளைச்சலையோ காபனையோ வைத்து இல்லை. எருவில ஊறவைத்த கரி, குறைந்த யூரியா, சரியான நேரத்தில் சரியான இறைப்பு, மூடப்பட்ட கக்கூஸ் குழி: இவை சேர்ந்தால் நைத்திரேற்று குறையுமா என்று அளந்து பார்க்கலாம். அதுக்கு ஒரு கிரெடிட்டும் கிடைக்காது. கிணத்துத் தண்ணி சுத்தமானால் அதை வாங்க எந்தக் கம்பனியும் வரிசையில நிக்கேல்ல.

அமில மண் இருக்கிற இடம் மலையகம். தேயிலைக்கு அமிலம் வேணும்தான், ஆனால் வருடக்கணக்காக நைதரசன் உரம் போட்டு அது அளவு மீறிப் போகும். சரிவில மழை அடிச்சால் போட்ட சத்து வழிஞ்சு போகும். கவ்வாத்து வெட்டின கிளைகள் ஏராளம். கரி அங்க உண்மையிலேயே வேலை செய்யக்கூடும். ஆனால் 2023-இல் வந்து 200 வருடம் என்று நினைவுகூர்ந்த அந்த மக்களில் பெரும்பாலானோருக்கு அந்த மண்ணில் ஒரு துண்டும் சொந்தமில்லை. தோட்டங்களின் நிர்வாகம் 1992-இல் தனியார் கம்பனிகளுக்குப் போனது. நாளைக்கு அங்க கரி புதைத்தால், கிளை பொறுக்குறவர் லயன் வீட்டில இருப்பார். கிரெடிட் கொழும்பில இருக்கும்.

பொருள் எங்க இருந்து வரும்?

ஒரு சின்னக் கணக்குப் போடுவம். ஒரு ஹெக்டயரில் 4 தொன் நெல் விளைந்தால் அதில உமி ஐந்தில் ஒரு பங்கு, 800 கிலோ. அதை ஒழுங்காச் சுட்டால் 300 கிலோ கரி வரும். பரிசோதனைகளில் நல்ல முடிவு காட்டினவை பலவும் ஹெக்டயருக்கு 10 தொன் அல்லது அதுக்கு மேல போட்டவை. அப்ப ஒரு விவசாயி தன்ர சொந்த உமியை மட்டும் வைத்து அந்த அளவுக்கு வர 33 போகம் வேணும். காலபோகம் மட்டும் செய்யிற இடத்தில் 33 வருடம்.

அப்ப திட்டக்காரர் சொல்லுற 10 தொன் எங்க இருந்து வரும்? வைக்கோலில் இருந்தா? வைக்கோல் மாட்டுக்குத் தீனி. மாட்டின் எரு மண்ணுக்குச் சத்து. பனையோலையில் இருந்தா? ஓலையை வெட்டித் தோட்டத்தில் தாட்டு மண்ணைக் காத்த பழக்கம் குடாநாட்டில் ஏற்கனவே உண்டு. காட்டில் இருந்தா? "கழிவு" என்று ஒரு சொல்லைப் போட்டு எல்லாத்தையும் மூடிவிடுகினம். ஏழைகளின் வீட்டில கழிவு என்று ஒண்டு கிடையாது. விறகாக, தீனியாக, கூரையாக, எருவாக அது ஏற்கனவே எங்கயோ வேலை செய்துகொண்டு இருக்கு.

சிறிய அளவு வழி இருக்கு. நேபாளத்தில் 2015-இல் வெளிவந்த ஒரு பரிசோதனையில் ஹெக்டயருக்கு 750 கிலோ கரிதான் போட்டார்கள். ஆனால் மாட்டு மூத்திரத்தில ஊறவைத்து, நிலம் முழுக்க வீசாமல் வேரடியில் வைத்தார்கள். மூத்திரம் மட்டும் வைத்த பாத்தியோடு ஒப்பிட்டால் பூசணி விளைச்சல் நாலு மடங்கு. ஒரு பயிர், ஒரு இடம். அதை வைத்து உலகத்துக்கு விதி எழுத ஏலாது. ஆனால் வழி தெரியுது: குறைந்த கரி, ஊறவைத்த கரி, வேரடியில் கரி. உலை தேவையில்லை, கூம்பு வடிவில் தோண்டின ஒரு குழி போதும். ஊறவைக்காமல் வெறுங்கரியைக் கொட்டினால் மண்ணில் இருக்கிற நைதரசனையே முதல் போகத்தில் அது இழுத்து வைத்துப் பயிரைப் பட்டினி போடவும் கூடும்.

காபன் சந்தைக்கு இந்த 750 கிலோ வழி பிடிக்காது. ஏனென்றால் அது தொன் கணக்கில் காசு எண்ணுது. கூடக் கரி என்றால் கூடக் கிரெடிட். அதோட சூடும் ஒரு பிரச்சினை. பொதுவாகச் சூட்டைக் கூட்டினால் கரி நீண்ட காலம் நிலைக்கும், ஆனால் சத்தைப் பிடிக்கிற திறன் குறையும். கிரெடிட் வாங்குறவருக்கு ஆயிரம் வருடம் அசையாமல் கிடக்கிற கரி வேணும். தோட்டக்காரருக்கு இந்தப் போகம் அமோனியத்தைப் பிடிக்கிற கரி வேணும். காசு ஆரின்ர பக்கம் இருக்கோ, உலையின் சூட்டை அவர்தான் தீர்மானிப்பார்.

இரண்டரை நாள்

2025 ஜனவரியில் கூகிள், வராகா என்ற இந்தியக் கம்பனியிடம் இருந்து 2030-க்குள் ஒரு லட்சம் தொன் காபன் கிரெடிட் வாங்குவதாக ஒப்பந்தம் அறிவித்தது. குஜராத்தில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரியாக்குகிற வேலை. செய்தியில் எல்லாம் "வரலாற்றில் மிகப் பெரிய பயோசார் ஒப்பந்தங்களில் ஒன்று" என்று போட்டார்கள்.

கூகிளின்ர சொந்த அறிக்கைப்படி 2023-இல் அதன் வெளியேற்றம் 14.3 மில்லியன் தொன். 2019-ஐ விட 48 சதவீதம் கூட. முக்கிய காரணங்களில் ஒண்டு தரவு மையங்களுக்கான மின்சாரம். வகுத்துப் பாருங்கோ: 14.3 மில்லியனை 365-ஆல் பிரித்தால் ஒரு நாளைக்கு 39 ஆயிரம் தொன். குஜராத்தில் ஐந்து வருடம் வெட்டி, அடுக்கி, சுட்டு, புதைத்துக் கிடைக்கிற ஒரு லட்சம் தொன், கூகிளின்ர இரண்டரை நாளுக்குக் காணும். மூண்டாம் நாள் மத்தியானம் முடியுது.

இதுதான் என்ர முதல் எதிர்ப்பு. கரி புதைக்கிறதில எனக்குப் பிரச்சினை இல்லை. புதைத்த கரியைக் காட்டி இன்னொருத்தர் நிலக்கரியும் வாயுவும் எரிக்கிற உரிமையை வாங்கிறதுதான் பிரச்சினை. நிலத்தடியில் எத்தனையோ கோடி வருடமாகக் கிடந்த காபனை வெளிய எடுத்துவிட்டு, வேற ஒரு நாட்டு ஏழையின்ர வயலில கொஞ்சத்தைத் திருப்பி வைக்கிறதுக்குப் பேர் ஈடு என்று சொல்லுகினம். அந்தக் கரியைப் புதைத்தே ஆகவேணும். அதோட அந்தத் தரவு மையத்தின் வெளியேற்றமும் குறைஞ்சே ஆகவேணும். ஒண்டை மற்றதுக்கு விலையாக வைக்கக் கூடாது.

பெரும்பாலான இப்படியான திட்டங்களில் காபனின் உரிமை திட்டத்தை நடத்துற கம்பனிக்கே எழுதப்படுது. ஒரு தொன் கிரெடிட் நூறு டொலருக்கு மேல விலை போகுது. விவசாயிக்குக் கரி இலவசம் என்பார்கள். தன்ர நிலத்தை இன்னொருத்தரின் காபன் வைப்பகமாகக் கொடுக்கிறவரிட்ட வாடகை கொடுக்காமல், வைக்கிற பொருளை "இலவசமாகத் தந்தோம்" என்று சொல்லுறது எந்த ஊர் நியாயம்?

சுடுறவர் ஆர்?

சீமைக்கருவேலம் என்ற பெயரைக் கேட்டவுடன் இராமநாதபுரம் பக்கத்து ஆக்களுக்குக் கரிமூட்டம்தான் ஞாபகம் வரும். வானம் பார்த்த அந்த மாவட்டத்தில் பயிர் பொய்த்த வருடங்களில் நிலமற்ற குடும்பங்கள் இந்த மரத்தை வெட்டி, அடுக்கி, மண் பூசி, நாட்கணக்கில் புகைக்குள்ள நிண்டு கரி எடுத்திருக்கிறார்கள். முள்ளுக் குத்தின கை, புகை குடித்த நெஞ்சு. இலாபம் வியாபாரிக்கு. தமிழ்நாட்டில் கரி சுடுற இடங்களிலயும் மரம் வெட்டுற இடங்களிலயும் இருந்து கொத்தடிமைகளாக இருந்த குடும்பங்கள், அதிலும் இருளர் குடும்பங்கள், மீட்கப்பட்ட செய்திகள் எங்களுக்குப் புதிசில்லை.

அதே மரம், அதே புகை. ஆனால் பயோசார் கம்பனிகளின் படங்களில் சிரிக்கிற விவசாயியைக் காணலாம், கரி சுடுற கூலியைக் காண ஏலாது. மோசமாகச் சுட்டால் கரியோட சேர்த்து மீதேனும் காபனோரொட்சைட்டும் வரும். முதலாவது வானத்துக்குக் கேடு, இரண்டாவது கிட்ட நிக்கிறவரின் உயிருக்குக் கேடு. கிரெடிட் தரநிர்ணயங்கள் மீதேனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகின்றன, ஏனென்றால் அது கணக்கில் கழிபடும். கூலிக்காரரின் நாட்சம்பளம் எந்தக் கணக்கிலயும் கழிபடாது. எங்கட கேள்வி அங்க இருந்துதான் தொடங்க வேணும்.

கரி இருக்கும், குத்தகைக்காரர் இருப்பாரா?

நூறு வருடம் நிலைக்கிற பொருளை ஒருவர் எப்ப மண்ணில் போடுவார்? அந்த மண் தனக்கும் தன் பிள்ளைக்கும் இருக்கும் என்று தெரிந்தால் போடுவார். ஒரு போகத்துக்குக் குத்தகை எடுத்தவர் போடமாட்டார். போட்டால் அவர் முட்டாள்: மண் திருந்தினவுடன் குத்தகை ஏறும், இல்லாட்டி காணிக்காரர் திருப்பி எடுப்பார். அமேசன் கறுப்பு மண்ணைச் செய்தவர்கள் ஒரே இடத்தில் தலைமுறையாக இருந்தவர்கள். கரியின் தொழில்நுட்பத்தில் முதல் பாகம் காணி உரிமை.

வடக்கில் இது எப்படி இருக்கு? வலிகாமம் வடக்குச் சனம் 1990-இல் துரத்தப்பட்டது. யாழ்ப்பாணத்தின் மிக நல்ல செம்மண் அந்தப் பாதுகாப்பு வலயத்துக்குள்ள போனது. யுத்தம் முடிந்த பிறகு துண்டு துண்டாகக் கொஞ்சம் விட்டார்கள். முழுக்க இன்னும் விடேல்ல. இராணுவம் தானே பண்ணை நடத்தி மரக்கறி விக்கிறதும் நடந்தது. 2025 மார்ச்சில் வந்த வர்த்தமானி ஒண்டு, மூண்டு மாதத்துக்குள் உரிமை காட்டாத காணிகள் அரசுக்குப் போகும் என்றது. உறுதி யுத்தத்தில தொலைஞ்சவர், சுனாமியில தொலைஞ்சவர், உரிமையாளர் ரொறன்ரோவிலயோ பாரிசிலயோ இருக்கிறவர், எல்லாருக்கும் மூண்டு மாதம். எதிர்ப்பு வந்த பிறகுதான் பின்வாங்கினார்கள்.

இந்த நிலத்துக்கு நாங்கள் "மண்வளத் திட்டம்" கொண்டுபோறம் என்றால், முதல் கேள்வி எந்த மண், ஆரின்ர மண் என்பதுதான். காபன் ஒப்பந்தம் என்பது நீண்ட கால ஒப்பந்தம். நீண்ட கால ஒப்பந்தம் போட உறுதி உள்ள காணி வேணும். அப்ப ஆர் போடுவார்? பெரிய காணிக்காரர், கம்பனி, அரசு. குத்தகைக்காரர், கணவரின்ர பெயரில காணி உள்ள பெண், இடம்பெயர்ந்தவர் எல்லாரும் வெளிய நிப்பினம்.

"எங்கட முன்னோர்" கதையும் ஒரே இரவுக் கதையும்

புலம்பெயர் மேடைகளில் இன்னொரு குரல் கேட்குது: "இரசாயனமே வேண்டாம், எங்கட முன்னோர் செய்த மாதிரிச் செய்வம், கரியும் எருவும் போதும்." இது கேட்க இனிமை. ஆனால் இதே வசனத்தைச் சொல்லித்தான் 2021 மேயில் கோட்டாபய இராஜபக்ச இரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாகத் தடை செய்தார். டொலர் இல்லாததை மறைக்க இயற்கை விவசாயம் என்ற நல்ல பெயர் பூசப்பட்டது. மாற்று எரு இல்லை, மாற நேரம் இல்லை, விவசாயிகளைக் கேட்கவும் இல்லை. நெல்லும் தேயிலையும் சரிந்தன. நவம்பரில் தடையைக் கைவிட்டார்கள். நட்டம் விவசாயிக்கும் தோட்டத் தொழிலாளிக்கும்.

வடக்கு விவசாயிக்கு அது முதல் தடவையும் இல்லை. யுத்த காலத்தில் பொருளாதாரத் தடையில் யூரியாவும் இருந்தது. உரம் இல்லாமல் விதைக்கிறது என்றால் என்ன என்று அந்தச் சனத்துக்கு நாங்கள் பாடம் எடுக்கத் தேவையில்லை. குழையும் எருவும் ஓலையும் தாட்டு அவர்கள் சமாளித்தது அறிவும்தான், கட்டாயமும்தான். கட்டாயத்தைப் பண்பாடு என்று புகழ்ந்து அதை இன்னொரு தடவை அவர்களின் தலையில கட்டக் கூடாது. கரி யூரியாவுக்குப் பதில் இல்லை. அதில் நைதரசன் பெரிசா இல்லை. போடுற நைதரசன் வீணாகாமல் காக்க உதவும். அதனால யூரியாவைப் படிப்படியாகக் குறைக்கலாம். படிப்படியாக என்பதுதான் முழு விஷயமும்.

அப்ப என்ன கேட்கிறம்?

ஒண்டு: ஈடுக் கிரெடிட்டுக்கு ஊர் மண்ணைக் கொடுக்கிற எந்தத் திட்டத்துக்கும் எங்கட அமைப்புகளும் சங்கங்களும் பேர் கொடுக்கக் கூடாது. மண்ணைத் திருத்துற வேலைக்குக் காசு வேணும். அது பொதுப் பணமாக, காலநிலை இழப்பீடாக வரட்டும். எரிக்கிற உரிமைக்கு விலையாக வரக் கூடாது.

இரண்டு: காணி முதல். காணி விடுவிப்புக்கும் குத்தகைக்காரர் பாதுகாப்புக்கும் பெண்களின் பெயரில உறுதிக்கும் குரல் கொடுக்காமல் மண்வளம் கதைக்கிற எந்த அறிக்கையையும் நம்ப வேண்டாம். மலையகத்தில் கரி போட முதல் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் காணி.

மூண்டு: கிணத்தை அள. நைத்திரேற்று அளக்கிற பட்டிகள் மலிவு. ஊர்ப் பள்ளிக்கூடங்கள், பல்கலைக்கழக மாணவர், தோட்டக்காரர் சங்கங்கள் சேர்ந்து வருடம் முழுக்க அளந்து, முடிவை ஊருக்கே தமிழில் வெளியிடலாம். அதுக்கு உதவுறது எங்கட கைக்கு எட்டுற வேலை. கரி உண்மையில உதவுதா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியது அந்த அளவுகள்தான்.

நாலு: உலை சங்கத்துக்குச் சொந்தமாக இருக்க வேணும். பனைத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்தின வரலாறு வடக்குக்கு உண்டு. ஆலையில் மிஞ்சிற உமியைச் சங்கம் எடுத்து, சங்கத்தின் குழியில் சுட்டு, சங்கத்தின் எருக் குவியலில் ஊறவைத்துப் பங்கிடலாம். சுடுறவருக்கு நாட்சம்பளம், முகக்கவசம், புகை குறைந்த குழி எல்லாம் செலவுக் கணக்கின் முதல் வரியில் வர வேணும்.

ஐந்து: இங்க, நாங்கள் இருக்கிற நாட்டில் சண்டை. கனடா உரத்தால் வரும் வெளியேற்றத்தை 2030-க்குள் 2020-ஐ விட 30 சதவீதம் குறைப்பதாகச் சொன்னது. கட்டாயம் இல்லை, விருப்பம் என்றது. உங்கட பல்கலைக்கழகத்தின் முதலீட்டு நிதியும், உங்கட அம்மா அப்பாவின் ஓய்வூதிய நிதியும் எந்த உரக் கம்பனியில, எந்த எண்ணெய்க் கம்பனியில கிடக்கு என்று தேடுங்கோ. அதை வெளிய எடுக்கக் கேட்கிறது, ஊரில ஆயிரம் குழி தோண்டுறதை விடக் கூடக் காபனைக் குறைக்கும்.

கரி கறுப்பு, மலிவு, எந்தக் குடும்பமும் செய்யக்கூடியது. அதனாலதான் அதைக் கம்பனிகள் எடுத்துப் பெயர் மாத்தி, சான்றிதழ் ஒட்டி, விலை போட்டிருக்கு. சந்தைக்கு வராமலே வேலை செய்யிற ஒரு பொருள் அவர்களுக்கு உதவாது. எங்களுக்கு உதவும்.

உங்கட நகரத்தில "ஊருக்குப் பசுமை முதலீடு" கூட்டம் வந்தால் போங்கோ. முன் வரிசையில இருங்கோ. மூண்டு கேள்வி கேளுங்கோ: கிரெடிட் ஆரின்ர பெயரில? காணி ஆரின்ர பெயரில? கரி சுடுறவருக்கு நாளுக்கு எவ்வளவு? கிடைக்கிற பதிலை எங்களுக்கு எழுதி அனுப்புங்கோ, அடுத்த மடலில் போடுவம்.

தோழமையுடன்.